சிவாலய ஓட்டத்துக்குப் பிறகு குதிகாலுக்கு மேல் வீக்கம்: சுளுக்கா, கிழிசலா, வேறு ஏதாவதா?

கல்குளம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, தக்கலைப் பக்கம். பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க நின்றபடி வேலை. வருடம் தவறாமல் சிவாலய ஓட்டம் ஓடுவேன். இந்த மகா சிவராத்திரிக்கும் முன்சிறைத் திருமலையில் தொடங்கி 12 கோயிலும் முடித்தேன். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், வெறுங்காலோடு, கையில் விசிறியோடு, நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் ஓட்டம் இது. பொன்மனை தாண்டும்போதே இடது குதிகாலுக்கு மேலே ஒரு பிடிப்பு. திருநட்டாலம் போய்ச் சேர்ந்தபோது காலை ஊன்ற முடியவில்லை.

மறுநாள் நன்றாக வீங்கிவிட்டது. பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் உள்ளே நறநறவென்று உரசுவது விரலுக்குத் தெரிகிறது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்று மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்தார்கள். குறையவில்லை. வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். 'அக்கிலிஸ் தசைநார் தடித்திருக்கிறது, 8 மில்லிமீட்டர், டெண்டினோசிஸ், பகுதிக் கிழிசல் இருக்கலாம்' என்று ரிப்போர்ட். கிழிசல் என்று பார்த்ததிலிருந்து வீட்டில் பயம். மாமனாரோ ஆசானிடம் காட்டித் தைலம் போட்டுத் தடவினால் சரியாகும் என்கிறார். எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி பிசியோ:

அண்ணே, ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். முதலில் இதைச் சொல்லுங்கள். குதிகால் எலும்பிலிருந்து எத்தனை விரல் மேலே வலிக்கிறது? உள்பக்கமா, வெளிப்பக்கமா, இரண்டு பக்கமுமா? ஓடும்போது 'டப்' என்று ஏதாவது சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல ஓர் உணர்வு இருந்ததா? காலையில் எழுந்ததும் முதல் சில அடிகள் எப்படி? இதற்கு முன்பு எப்போதாவது இந்த இடத்தில் இறுக்கம் இருந்திருக்கிறதா?

குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்துக்குள் பல விஷயங்கள் நெருக்கமாக இருக்கின்றன. கெண்டைக்கால் சதை இரண்டும் சேர்ந்து இறங்குகிற அக்கிலிஸ் தசைநார், அதைச் சுற்றி மெல்லிய உறை, எலும்பில் அது ஒட்டுகிற இடம், எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில் ஒரு நீர்ப்பை, தோலுக்கடியில் இன்னொரு நீர்ப்பை, முன்பக்கம் ஒரு கொழுப்புத் திண்டு, உள்பக்க ஓரத்தில் பிளாண்டாரிஸ் என்ற மெல்லிய நார். இதில் எதில் அடிபட்டாலும் ஆட்கள் 'குதிகால் நரம்பு வலி' என்றுதான் வருவார்கள். அதனால் விரல் வைத்துத் தேடாமல் பெயர் வைக்கக் கூடாது.

கல்குளம்காரன்:

நன்றி தம்பி. எலும்பிலிருந்து நாலு விரல் மேலே, இரண்டு பக்கமும். சத்தம் எதுவும் கேட்கவில்லை, உதைத்த மாதிரியும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்த வலிதான். காலையில் முதல் அடிகள் கஷ்டம். இறுக்கம் என்றால், இரண்டு மூன்று வருடமாகவே காலையில் கொஞ்சம் இருக்கும், நடந்தால் போய்விடும். அதை நான் கணக்கில் எடுத்ததில்லை.

தூத்தூர் பந்து:

வணக்கம். எங்கள் கடற்கரையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். 'உதைத்த மாதிரி' என்று தம்பி கேட்ட கேள்வியை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூத்தோர் அணியில் 38 வயதுக்காரர் ஒருவர், மணலில் பந்துக்காகத் திடீரென்று பாய்ந்தவர் திரும்பிப் பார்த்து 'எவன்டா உதைச்சது' என்று கத்தினார். பின்னால் ஆளே இல்லை. நொண்டி நொண்டி நடந்துதான் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் ஓரிடத்தில் காட்டியபோது, நடக்கிறீர்கள், பாதத்தைக் கீழே அழுத்துகிறீர்கள், சுளுக்குதான் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் தாண்டித்தான் தசைநார் முழுக்க அறுந்திருப்பது தெரிந்தது. அதற்குள் அறுந்த இரண்டு முனைகளும் விலகிப் போயிருந்தன. இன்றைக்கும் அவரால் அந்த ஒற்றைக் காலில் எக்கி நிற்க முடியாது. பாதத்தை அழுத்த முடிகிற ஒருவருக்கு எப்படி நார் அறுந்திருக்கும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வடசேரி பிசியோ:

அண்ணாச்சி, அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாதத்தைக் கீழே அழுத்த அக்கிலிஸ் மட்டும் இல்லை. கட்டைவிரலை மடக்குகிற தசை, கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஓடுகிற தசைகள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும். படுத்தபடி 'அழுத்துங்கள்' என்றால் அவர் அழுத்திக் காட்டிவிடுவார். நடக்கவும் செய்வார். முழுக் கிழிசலில் ஐந்தில் ஒன்று முதல் பரிசோதனையில் தவறிப்போகிறது என்று மருத்துவ நூல்களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. ஆளைக் குப்புறப் படுக்க வையுங்கள், பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைக்கால் சதையின் நடுப்பகுதியைக் கைநிறையப் பிடித்து அமுக்குங்கள். நார் முழுசாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அசையவே இல்லை என்றால், மறுகாலோடு ஒப்பிட்டு வித்தியாசம் தெரிந்தால், அறுந்ததாகவே எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனை. இதை சிம்மண்ட்ஸ் என்ற மருத்துவர் 1957-லும் தாம்சன் என்பவர் 1962-லும் எழுதினார்கள். ஸ்கேன் மிஷினே வேண்டாம், ஒரு பெஞ்சு போதும். படகுத்துறையிலும் செய்யலாம், ரப்பர் தோட்டத்திலும் செய்யலாம். பயிற்சி கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், குப்புறப் படுத்தபடி இரண்டு முழங்காலையும் 90 பாகை மடக்கச் சொல்லிப் பாருங்கள். நல்ல கால் பாதம் கொஞ்சம் கீழ்நோக்கி நிற்கும். அறுந்த கால் பாதம் தளர்ந்து நேராகவோ, முன்னங்கால் எலும்புப் பக்கமாகவோ சாயும். நாள்பட்ட கிழிசலில் நடுவில் தழும்பு வளர்ந்து முதல் சோதனை குழப்பலாம், அப்போது இது நன்றாகக் கைகொடுக்கும்.

கல்குளம்காரன்:

என் மகனை அமுக்கச் சொன்னேன். பாதம் நன்றாக அசைகிறது, இரண்டு காலிலும் ஒரே மாதிரி. பாதி உயிர் வந்தது.

மார்த்தாண்டம் எலும்பு மருத்துவர்:

நல்லது. அப்படியானால் முழுக் கிழிசலை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். நேரில் பார்க்காமல் இணையத்தில் நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன், ஆனால் யோசிக்கிற வழியைச் சொல்கிறேன்.

நறநற என்கிற உரசல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்கிலிஸுக்குக் கைவிரல் நார்களுக்கு இருப்பதுபோல நீர் சுரக்கிற உறை கிடையாது. பாராடெனான் என்கிற மெல்லிய இணைப்புத்திசுப் படலம்தான் அதைச் சுற்றி இருக்கிறது. நார் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குவது அதற்குள்தான், நாருக்கு ரத்தம் போவதில் பெரும்பகுதியும் அதன் வழியாகத்தான். பழக்கமில்லாத அளவுக்கு ஒரே நாளில் ஆயிரமாயிரம் தடவை நார் அதற்குள் ஓடினால் படலம் வீங்கி ஒட்டுகிற பசைபோல ஒரு திரவம் சேரும். அதுதான் விரலுக்கு உரசலாகத் தெரிகிறது. நீண்ட ஓட்டத்துக்கு அடுத்த நாளே இப்படி வருவது இந்தப் படல வீக்கத்தின் குணம்.

ரிப்போர்ட்டில் டெண்டினோசிஸ் என்று எழுதியிருக்கிற, நாரின் உள்ளேயே வருகிற சிதைவு வேறு. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். எலும்பில் ஒட்டுகிற இடத்திலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, ரத்த ஓட்டம் குறைந்த பகுதியில், நார் கதிர் வடிவில் தடிக்கும். உரசல் இருக்காது.

இரண்டையும் பிரிக்க இப்படிச் செய்யுங்கள். வீங்கிய இடத்தில், தோலில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். விரலால் வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மேலும் கீழும் மெதுவாக ஆட்டுங்கள். தடிப்பு நாரோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது நாருக்குள். அசையாமல் அதே புள்ளியில் நின்றால் அது சுற்றியிருக்கும் படலத்தில். அடுத்து, பாதத்தைத் தளர்வாக வைத்து வலிக்கிற புள்ளியை அழுத்துங்கள். பிறகு பாதத்தை மேல்நோக்கி மடக்கி, நாரை விறைப்பாக்கி, அதே புள்ளியை அழுத்துங்கள். விறைத்ததும் வலி வெகுவாகக் குறைந்தால் நார்ச் சிதைவு. குறையாமல் அப்படியே வலித்தால் படலம். எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் இரண்டு மூன்று ஒரே பக்கம் கை காட்டினால் நம்பலாம்.

களரி மாணவன்:

ஐயா, நான் ஒரு வர்ம ஆசானிடம் படிக்கிறவன். எங்கள் ஆசான் இப்படி வீங்கிச் சூடாக இருக்கிற குதிகாலில் அமர்த்தித் தடவ விடமாட்டார். எண்ணெய் மேலோட்டமாகத்தான். கல்குளம் அண்ணனின் மாமனார் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் அந்த இடத்தில் பெருவிரல் வைத்து இழுக்க அனுமதிக்காதீர்கள். நல்ல ஆசான் என்றால் அவரே முதலில் அதைத்தான் பார்ப்பார்.

மார்த்தாண்டம் எலும்பு மருத்துவர்:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அதேபோல இந்த நாருக்குள் ஸ்டீராய்டு ஊசி போடவும் அவசரப்படக் கூடாது. வலி அடங்கும், நார் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

குலசேகரம் மலர்:

எல்லோரும் பேசுவதைப் படித்ததும் அப்பாவைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. அப்பாவுக்கு 66 வயது, இன்னும் ரப்பர் பால் வெட்டுகிறார். விடியும் முன்னே சரிவில் ஏறி இறங்கும் வேலை. போன மாதம் நெஞ்சுச் சளிக்கு லிவோஃப்ளாக்சசின் மாத்திரையும், இழுப்புக்கு வேறொரு மாத்திரையும் கொடுத்தார்கள். இப்போது இரண்டு குதிகாலின் பின்பக்கமும் வலிக்கிறது என்கிறார். விழவில்லை, அடிபடவில்லை. வெட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறார். நான் பயப்பட வேண்டுமா டாக்டர்?

மார்த்தாண்டம் எலும்பு மருத்துவர்:

மகளே, இதைத் தள்ளிப்போடாதீர்கள். லிவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் தசைநாரைப் பாதிக்கும். அக்கிலிஸைத்தான் அதிகமாகப் பிடிக்கும், இரண்டு காலிலும் ஒன்றாக வருவதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே இந்த மருந்துகளின் அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. 60 வயது தாண்டியவர்கள், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இழுப்புக்குக் கொடுத்த மாத்திரை ஸ்டீராய்டா என்று சீட்டைப் பாருங்கள். மாத்திரை ஆரம்பித்த சில நாளிலும் வரும், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரும்.

வலி என்பது இங்கே எச்சரிக்கை. அந்தக் காலோடு சரிவில் ஏறினால் நார் அறுந்துவிடலாம். அப்பாவை வெட்டுக்கு அனுப்பாமல், மாத்திரைச் சீட்டோடு இன்றோ நாளையோ மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்தில் இல்லையென்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கொடுத்த மருத்துவரிடம் இன்றைக்கே பேசி மாற்று மருந்து கேளுங்கள்.

குலசேகரம் மலர்:

சீட்டில் பிரெட்னிசோலோன் என்று இருக்கிறது, ஸ்டீராய்டுதான். நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு போகிறோம். அண்ணன் அப்பாவின் வெட்டுக் கத்தியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டான்.

வெள்ளமடம் ஆசிரியை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் ஆறாம் வகுப்பு, பள்ளியில் ஓட்டம் பயிற்சி எடுக்கிறான். ஓடி வந்தால் குதிகால் பின்னால் வலி. இவனுக்கும் அக்கிலிஸா?

வடசேரி பிசியோ:

அந்த வயதில் நார் வலுவாக இருக்கும் அக்கா, அது ஒட்டுகிற எலும்பின் வளர்ச்சித் தட்டுதான் மென்மை. குதிகால் எலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள், அங்கே வலித்தால் பெரும்பாலும் அதுதான். பயிற்சியைக் குறைத்தால் போதும், எலும்பு முதிர்ந்ததும் நின்றுவிடும். ஓடாதபோதும், இரவிலும் வலித்தாலோ காய்ச்சல் இருந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

கல்குளம்காரன்:

டாக்டர் சொன்னபடி புள்ளி வைத்துப் பார்த்தேன். மேலே இருக்கிற மெத்தென்ற வீக்கமும் உரசலும் புள்ளியை விட்டு நகரவில்லை. அதில்தான் வலி, பாதத்தை மடக்கினாலும் குறையவில்லை. ஆனால் அதற்குக் கீழே கெட்டியாக ஒரு தடிப்பு இருக்கிறது. அது நாரோடு ஏறி இறங்குகிறது, அழுத்தினால் பெரிதாக வலியில்லை. இரண்டுமே இருக்கலாமா?

வடசேரி பிசியோ:

இருக்கலாம் அண்ணே. புதிய படல வீக்கம், அதற்கடியில் பழைய தடிப்பு. ரிப்போர்ட்டில் எழுதியது அந்தப் பழைய தடிப்பை, உங்களை முடக்கிப் போட்டது மேலே இருக்கிற புதிய வீக்கம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு இந்த நாரில் மாற்றம் தெரியும். அதனால்தான் ரிப்போர்ட்டை முதலில் ஒதுக்கச் சொன்னேன். ஒன்று செய்யுங்கள், வலியில்லாத வலது காலையும் அதே இடத்தில் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள்.

கல்குளம்காரன்:

பிடித்துப் பார்த்தேன். அதுவும் தடிமனாகத்தான் இருக்கிறது தம்பி! மனைவியின் காலோடு ஒப்பிட்டால் நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. அந்தக் காலில் எனக்கு ஒரு நாளும் வலி வந்ததில்லை.

மார்த்தாண்டம் எலும்பு மருத்துவர்:

கல்குளம் தம்பி, இதைக் கேட்டதும் எனக்கு வேறொரு கேள்வி. அக்கிலிஸ் சாதாரணமாக 4 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன்தான். உங்களுக்கு இடது 8, வலதும் தடிப்பு என்கிறீர்கள். கைமுட்டிகளின் மேல், விரலை நீட்டுகிற நார்களில் கெட்டியான சிறு கட்டிகள் உண்டா? இமையோரம் மஞ்சள் திட்டு? கருவிழி ஓரத்தில் வெண்மையான வளையம்? குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா? கொலஸ்ட்ரால் எப்போதாவது பார்த்தீர்களா?

நண்பர்கள் ஏன் திடீரென்று இதயத்துக்குத் தாவுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பரம்பரையாக எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் ஒரு நோய் உண்டு. அதில் கொழுப்பு தசைநார்களில் படியும், முதலிடம் அக்கிலிஸுக்கு. குதிகால் வலி என்று வருகிறவரைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கிறது. அதைத் தவறவிட எனக்கு மனமில்லை.

கல்குளம்காரன்:

அப்பா 47 வயதில் மாரடைப்பில் போனார். பெரியப்பாவும் ஐம்பதுக்குள். கைமுட்டியில் கட்டி இருக்கிறது டாக்டர், மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப் போனது என்று நினைத்திருந்தோம். கொலஸ்ட்ரால் இதுவரை பார்த்ததில்லை. நாளைக்கே பார்க்கிறேன்.

தூத்தூர் பந்து:

அண்ணன் பரிசோதனைக்குப் போகும் நேரத்தில் ஒரு கேள்வி. எங்கள் பையன்களை ஸ்கேனுக்கு அனுப்பும்போது என்ன எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும்? வெறுமனே 'கணுக்கால் ஸ்கேன்' என்றால் போதுமா?

மார்த்தாண்டம் எலும்பு மருத்துவர்:

போதாது. எந்த இடத்தில் வலி, எப்போது ஆரம்பித்தது, சந்தேகம் என்ன என்று சீட்டில் இருக்க வேண்டும். கிழிசல் சந்தேகம் என்றால் பாதத்தை அசைத்தபடி பார்க்கச் சொல்லுங்கள். அசைக்கும்போதுதான் அறுந்த முனைகள் விலகுவதும் சேர்வதும் தெரியும். அதைப் பார்த்துத்தான் அறுவை வேண்டுமா, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டால் போதுமா என்று பேச முடியும். நார்ச் சிதைவு சந்தேகம் என்றால் ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் சேர்த்து, பாதத்தைத் தளர்வாக வைத்து எடுக்க வேண்டும். நாரை விறைப்பாக வைத்தால் உள்ளே வளர்ந்த சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கி, இருப்பதே தெரியாமல் போகும். இரண்டு காலையும் எடுப்பது நல்லது. எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுத்தால் எலும்பின் மேல்முனைப் புடைப்பும் சுண்ணாம்புப் படிவும் தெரியும், நாரின் கிழிசலுக்கு அது சாட்சி இல்லை. எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவைப்படாது.

ஒரு விஷயத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் முழுக்க வீங்கிச் சூடாக, நடக்காமலே வலித்தால், அதுவும் நீண்ட பயணத்துக்கோ படுக்கைக்கோ பிறகு என்றால், ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அதைத் தடவவும் கூடாது, காத்திருக்கவும் கூடாது.

குலசேகரம் மலர்:

அப்பாவைக் காட்டினோம். நார் அறுந்துபோகவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் வீக்கம் இருக்கிறது. கணுக்காலுக்கு பூட் மாதிரி ஒன்று மாட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த வகை மாத்திரை இனிமேல் வேண்டாம் என்று அவருடைய சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் எல்லோருக்கும் நன்றி, வேறென்ன சொல்ல.

கல்குளம்காரன்:

டாக்டர், எல்டிஎல் 238. வலது கால் ஸ்கேனும் எடுத்தேன், அதுவும் 8 மில்லிமீட்டர். இதய மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். குதிகால் உரசல் குறைந்து வருகிறது, ஓட்டம் நிறுத்தி, செருப்புக்குள் குதிகால் உயரம் வைத்து நடக்கிறேன். குதிகாலைப் படியில் இறக்கி ஏற்றும் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாமா?

வடசேரி பிசியோ:

உரசலும் வீக்கமும் முழுக்க அடங்கட்டும் அண்ணே. படலம் வீங்கியிருக்கும்போது திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் அதே உரசலைத்தான் கூட்டுவோம். அடங்கியதும் வாருங்கள், நாருக்கு மெதுவாகப் பாரம் ஏற்றுவதை நானே நின்று சொல்லித்தருகிறேன்.

மார்த்தாண்டம் எலும்பு மருத்துவர்:

எல்டிஎல் 190-க்கு மேல், அப்பாவின் கதை, இரண்டு காலிலும் தடிப்பு, கைமுட்டிக் கட்டி. நான் சந்தேகப்பட்டதன் பக்கமே எல்லாம் நிற்கிறது. உறுதி செய்வதும் மருந்து தொடங்குவதும் இதய மருத்துவர் பொறுப்பு. இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காமல் தடுக்க முடியும். உங்களுக்கு இது இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கொலஸ்ட்ரால் பரிசோதனையை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் தம்பி தங்கைகளுக்கும், கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தானே அந்த மகனுக்கும், இந்த மாதமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கல்குளம்காரன்:

தம்பி வள்ளியூரில் இருக்கிறான், தங்கை திருவட்டாறில். இரண்டு பேருக்கும் இப்போதுதான் போன் போட்டேன். திங்கட்கிழமை மூவரும் பிள்ளைகளோடு சேர்ந்து போகிறோம்.